‘மேரி சூ’: பெண் பாத்திரங்கள் மீது ஒட்டப்படும் பெயர்

ஒரு திரைப்படத்தின் நாயகி விண்கலம் ஓட்டி, வாள் சுழற்றி, எதிரியை வென்றுவிட்டால் போதும், இணைய இரசிகர் குழுக்களில் ‘மேரி சூ’ என்ற சொல் வந்து விழும். குறையே இல்லாத, எதையும் கற்காமலே எல்லாம் தெரிந்த, நம்ப முடியாத பெண் என்பது அதன் பொருள்.

இச்சொல் இணையத்துக்கு முந்தியது. 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்கள், அதன் பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை எழுதிச் சிறு சஞ்சிகைகளில் வெளியிட்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பல கதைகளில் ஓர் இளம்பெண் புதிதாகக் கப்பலுக்கு வந்து எல்லோரையும் கவர்வாள். இதைக் கிண்டல் செய்து 1973இல் போலா ஸ்மித் என்ற இரசிகை ஒரு குறுங்கதை எழுதினார். அதன் நாயகி பதினைந்தரை வயது லெப்டினன்ட் மேரி சூ. கப்பலைத் திறம்பட நடத்தி, நோபல் பரிசும் பெற்று, எல்லோரும் அழ அவள் இறந்துபோகிறாள்.

பெண்களிடையே பிறந்த இந்தக் கேலி பின்னர் ஒரு தடையாக மாறியது. இந்த இரசிகைகளை ஆராய்ந்த கமில் பேக்கன்-ஸ்மித், ‘மேரி சூ’ என்ற பழிக்கு அஞ்சிப் பெண் பாத்திரங்களையே தவிர்த்த எழுத்தாளர்கள் இருந்ததை 1992இல் வெளியான தனது நூலில் பதிவு செய்துள்ளார்.

2015இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தின் நாயகி ரேய்க்கு இப்பெயர் சூட்டப்பட்டபோது விவாதம் பெரிதானது. இது மோசமான எழுத்தைச் சுட்டும் சொல் மட்டுமே, ஆண்களுக்கும் ‘கேரி ஸ்டூ’ என்ற சொல் இருக்கிறது என்பது ஒரு தரப்பின் வாதம். ஆனால் 1977இல் வந்த முதற்படத்தில், பண்ணையில் வளர்ந்த லூக் தன் முதல் விண்போரிலேயே எதிரியின் பெருங்கோட்டையைத் தகர்த்தான். அவன் பெரும்பாலும் நாயகன் என்றே கொண்டாடப்பட்டான். ரேயாக நடித்த டெய்சி ரிட்லியும் இச்சொல்லே பால்பாகுபாடானது என்றார். 2011இல் தொடங்கிய பெண்ணிய இணையத்தளமொன்று இதே சொல்லைத் தன் பெயராக்கிக் கொண்டது.

விமர்சனம் தேவையில்லை என்று எவரும் சொல்லவில்லை. ‘இவள் இதை எங்கே கற்றாள்?’ என்று கேட்டால் எழுதியவர் பதில் சொல்லலாம், கதையைத் திருத்தலாம். ‘மேரி சூ’ என்று சொல்லிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. அடுத்த தடவை அவர் பெண்ணை எழுதாமலே விட்டுவிடக்கூடும்.