பழைய தமிழ் பைபிளில் வரும் 'ஒற்தலாம்' - அது என்ன செடி?

பிரியாணியில் போடுறீங்க, தேநீரிலும் போடுறீங்க. ஆனால் பழைய தமிழ் பைபிளில் புதினாவை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. மத்தேயு 23:23, லூக்கா 11:42 இரண்டையும் புரட்டிப் பாருங்கள். 'ஒற்தலாம்' என்றொரு சொல் இருக்கும். அதுதான் புதினா!

போர்த்துகீசிய மொழியில் புதினாவின் பெயர் 'ஓர்தெலா'. கடைசி எழுத்தை மூக்கால் சொல்வார்கள். சொல்லிப் பாருங்கள், உறவு தெரிந்துவிடும். நாம் சொல்லும் 'புதினா' மட்டும் என்னவாம்? அது பாரசீகத்திலிருந்து வந்தது.

மூலமான கிரேக்கத்தில் இருப்பது 'ஹெடுஒஸ்மோன்'. 'ஹெடுஸ்' என்றால் இனிய, 'ஒஸ்மே' என்றால் மணம்.

கிரேக்கத்தில் இன்னொரு பழைய பெயரும் உண்டு: 'மிந்தே'. ஆங்கில 'மிண்ட்' லத்தீன் 'மெந்தா' வழியாக இதோடு போய்ச் சேரும். பாதாள உலகின் அரசன் ஹேடிஸ், மிந்தே என்ற வனதேவதையை விரும்பினானாம். அவன் மனைவி பெர்செபொனி அவளைக் காலால் மிதிக்க, அவள் புதினாச் செடியாகிவிட்டாளாம். புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ இதைக் குறிப்பிட்டிருக்கிறார். மிதித்தால் மணக்கிற செடிக்கு ஏற்ற கதைதான்.

பைபிளில் புதினா வருவது மணத்துக்காக இல்லை, கணக்குக்காக.

யூதச் சட்டப்படி விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். அதுதான் தசமபாகம். தானியம், திராட்சை ரசம், எண்ணெய் என்று சட்டம் பேசுகிறது. பரிசேயர்களோ புதினா, சீரகம் வரைக்கும் கணக்குப் பார்த்தார்கள். பத்துக் கொத்து புதினா பறித்தால் ஒன்று காணிக்கை!

அப்படிக் கொடுப்பதே தப்பு என்று இயேசு சொன்னாரா? இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கொடுப்பதை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் கைவிட்டதுதான் அவர் வைத்த குற்றச்சாட்டு. அதையும் செய்யணும், இதையும் விடக்கூடாது என்கிறார். அடுத்த வசனத்திலேயே, கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று ஒரு குத்தல் வேறு.

அதே மத்தேயு வசனத்தில் 'வெந்தயம்' என்று படித்தால் கொஞ்சம் கவனம். கிரேக்கத்தில் இருப்பது 'அனேதோன்', அதாவது மீன் சமையலில் தூவும் டில் கீரை. நம் சமையலறை வெந்தயம் வேறு செடி. லூக்காவில் வரும் 'பெகனோன்' அருவதாச் செடி. அது தமிழில் மரிக்கொழுந்தாகிவிட்டது.

ஹெடுஒஸ்மோன் இன்னும் வழக்கொழியவில்லை. கிரீஸ் சந்தையில் புதினா வேண்டுமென்றால் 'தியோஸ்மோஸ்' என்று கேளுங்கள். தலைப்பகுதி தேய்ந்துபோன அதே சொல்தான்.