கிராண்ட்பாஸ் சண்டையும் 123 பதக்கங்களும்

வடக்கிலிருந்து கொழும்பைப் பிடிக்க வரும் படை களனி கங்கையைக் கடந்தாக வேண்டும். அதற்குக் கிராண்ட்பாஸ் துறைதான் வாசல். 1796 பெப்ரவரியில் நீர்கொழும்பில் இறங்கிய ஆங்கிலேயக் கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டும் அந்த வழியாகவே வந்தார். அவரது படையில் வெள்ளைக்காரர்களோடு மெட்ராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள்.

கொழும்பை வைத்திருந்த ஒல்லாந்தரின் கை அப்போதே தளர்ந்திருந்தது. அவர்களிடம் கூலிக்கு இருந்த சுவிஸ் நாட்டு டி மியூரோன் படை, முந்திய ஆண்டே ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டது. எஞ்சியிருந்தவர்களில் உண்மையாகப் போராடியவர்கள் மலாய்க்காரர்கள். கேணல் ரேமண்டின் தலைமையில் கிராண்ட்பாஸில் ஆங்கிலப் படைமீது பாய்ந்தார்கள். தாக்குதல் முறியடிக்கப்பட்டது, பலர் மடிந்தார்கள், ரேமண்ட் படுகாயமுற்று இறந்தார். பெப்ரவரி 15ஆம் திகதி ஆளுநர் வான் ஆங்கல்பெக் கொழும்பைக் கையளிக்க ஒப்பமிட்டார்.

இலங்கையைப் பிடித்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு பதக்கம் வார்த்தது. ஒரு முகத்தில் ஆங்கிலம், மறுமுகத்தில் பாரசீகம். தங்கத்தில் 2, வெள்ளியில் 121. அத்தனையும் வங்காளப் பீரங்கிப் படையின் இந்திய வீரர்களுக்கே. அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே மண்ணில் நடந்து வந்த மெட்ராஸ் சிப்பாய்க்கு அந்தப் பதக்கம் இல்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க எல்லைப் போர்களில், அடிமையாகப் பிறந்த இமானுவேல் ஸ்டான்ஸ் என்ற கறுப்பினக் குதிரைப்படைச் சார்ஜன்ட், 1870இல் டெக்சாஸில் காட்டிய துணிவுக்காக நாட்டின் உயர்ந்த வீரப்பதக்கத்தைப் பெற்றார். ஆளைப் பார்த்து, செயலைப் பார்த்துக் கொடுத்த பதக்கம் அது. கம்பனியோ படைப்பிரிவைப் பார்த்துக் கொடுத்தது.

தோற்ற மலாய் வீரர்களை ஆங்கிலேயர் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1803 ஜூனில் ஆங்கிலேய மேஜர் டேவியின் படை கண்டியரிடம் மகாவலிக் கரையில் வட்டபுளுவையில் சரணடைந்தபோது, அப்படையிலிருந்த மலாய்க் கப்டன் நூரத்தீனைத் தன் சேவையில் சேரும்படி கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அழைத்தார். ஒருமுறை கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்று நூரத்தீன் மறுத்தார். அவரும் அவரது சகோதரரும் கொல்லப்பட்டார்கள். என் கணிப்பில், இத்தீவின் போர்களில் எந்தப் பதக்கத்துக்கும் குறையாத வீரம் இது.

கிராண்ட்பாஸ் வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நூரத்தீனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.