இருங்காட்டுக்கோட்டை கார்களும் காற்றில் வரும் மென்பொருளும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் தயாராகும் கார்களுக்குள் மென்பொருள் நுழைந்த கதையை 1998-லிருந்து சொல்லத் தொடங்கலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அமைத்த ஆலையிலிருந்து அந்த ஆண்டு செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. அதன் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. எப்போது, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு மின்னணுப் பெட்டி கணக்கிட்டது. அதற்குள் இருந்த நிரல் கார் வைத்திருப்பவரின் கண்ணில் படாத ஒன்று. கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டரில் கருவியை இணைத்துப் பார்ப்பார்கள். ‘ஸ்கேன் போட்டுப் பார்க்கணும்’ என்ற பேச்சு மெல்ல மெல்லப் பட்டறைகளில் நிலைத்தது.

இதே பகுதியில் 2006-ல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தியது. அந்த ஆலை இயங்கத் தொடங்கிய காலத்தில் கைபேசியின் மென்பொருளைப் புதுப்பிக்கப் பெரும்பாலும் கேபிள் தேவைப்பட்டது. அது மூடப்படுவதற்குள் போன்கள் தாமே இணையம் வழியாக அப்டேட்டை இறக்கிக்கொள்ளப் பழகிவிட்டன. கார் அந்த நிலைக்கு வரக் கூடுதல் காலம் பிடித்தது. 2012-ல் டெஸ்லாவின் மாடல் எஸ் வழியைத் திறந்தது. ‘ஓவர் தி ஏர்’, சுருக்கமாக ஓடிஏ எனப்படும் இம்முறையின் வலிமையை உலகம் கண்டது 2018-ல். மாடல் 3 கார் மணிக்குச் சுமார் 96 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொள்வதாக அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று சோதித்துச் சொன்னது. அதன் பிறகு காற்றில் வந்த ஒரு அப்டேட் அந்தத் தூரத்தை 133 அடியாகக் குறைத்தது. ஒரு திருகும் கழற்றப்படவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் 2019-ஆம் ஆண்டு இரண்டு வகையில் திருப்பமானது. மே மாதத்தில், உள்ளேயே சிம் பொருத்தப்பட்டு இணையத்தோடு பேசும் ஹூண்டாய் வென்யூ வந்தது. ஜூலையில், உதிரித் தொகுப்புகளைக் கொண்டு அதே ஆலையில் பூட்டப்பட்ட கோனா எலக்ட்ரிக் வந்தது. 39.2 கிலோவாட் மணி பேட்டரி. சான்றளிக்கப்பட்ட தூரம் ஒரு சார்ஜுக்கு 452 கி.மீ. மின்சார காரில் மென்பொருளின் பொறுப்பு மிகப் பெரியது. எந்த செல் எவ்வளவு சூடாகிறது, எங்கே மின்னழுத்தம் பிசகுகிறது, சார்ஜை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் பேட்டரி மேலாண்மை நிரலே முடிவு செய்கிறது.

அந்தப் பொறுப்பின் எடை அடுத்த ஆண்டே தெரிந்தது. தென் கொரியாவிலும் பிற நாடுகளிலும் கோனா கார்கள் தீப்பிடித்ததால், 2020 அக்டோபரில் ஹூண்டாய் திரும்ப அழைப்பை அறிவித்தது. அப்போது கொடுக்கப்பட்ட முதன்மைத் தீர்வு ஒரு மென்பொருள் அப்டேட். பேட்டரியில் பிசகு தெரிந்தால் சார்ஜ் ஏறுவதை அது நிறுத்திவிடும். டிசம்பரில் இந்தியாவிலும் 456 கோனா கார்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டன. 2019 ஏப்ரல் முதல் 2020 அக்டோபர் வரை தயாரானவை அவை. வீட்டு வாசலில் நின்றபடியே சரியாகிவிடும் வேலையாக அது இருக்கவில்லை. சர்வீஸ் சென்டருக்குக் காரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில், கொரியாவின் தேகு நகரில் அப்டேட் செய்து முடித்த கோனா ஒன்றே தீப்பற்றியது. அடுத்த மாதம், உலகம் முழுவதும் ஏறத்தாழ 82,000 வாகனங்களின் பேட்டரியை மாற்றித் தர நிறுவனம் முடிவு செய்தது. செல்லின் உள்ளே குறை இருக்கும்போது நிரல் அதைக் கண்காணிக்கலாம், எச்சரிக்கலாம், ஆற்ற முடியாது. மின்சார கார் வாங்கியவர்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.

2023-ல் அறிமுகமாகி இங்கேயே பூட்டப்பட்ட ஐயோனிக் 5-ன் அனுபவமும் ஏறக்குறைய அந்த வழியிலேயே போனது. 12 வோல்ட் சிறு பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் சார்ஜ் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகும் வாய்ப்பு இருந்ததால், 2024 ஜூனில் இந்தியாவில் 1,744 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறு பேட்டரி இறங்கிவிட்டால் கார் நகராது. இணைய வசதி நிறைந்த கார்தான். வரைபடமும் திரையும் காற்று வழியே புதுப்பிக்கப்பட்டன. சார்ஜ் பெட்டியின் நிரலுக்கு மட்டும் பட்டறையே கதி.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் காரின் உள்ளமைப்பு. திரைக்கான கணினி ஒன்று. பிரேக், மோட்டார், பேட்டரி, சார்ஜ் ஆகியவற்றுக்கு வேறு வேறு பெட்டிகள். திரையின் அப்டேட் பாதியில் நின்றால் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். பேட்டரிப் பெட்டியில் எழுதிக்கொண்டிருக்கும்போது தடை வந்தால் கார் நின்ற இடத்திலேயே முடங்கலாம். ஆகவே பழைய நிரலை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் எழுதிச் சரிபார்த்த பிறகே மாற்றிக்கொள்ள இரட்டை நினைவகம் வேண்டும். வந்த கோப்பு நிறுவனத்திடமிருந்துதான் வந்தது என்று காட்டும் மின் கையொப்பம் வேண்டும். வேலை முடியும்வரை 12 வோல்ட் பேட்டரி தாங்க வேண்டும். தொடக்கத்திலேயே இவற்றுக்கு இடம் விட்டு வடிவமைக்காத காருக்குப் பின்னால் சேர்ப்பது கடினம்.

இரண்டு சக்கர வண்டிகளில் கதை வேறு மாதிரி நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாரான ஓலா எஸ்1 ஸ்கூட்டர்கள் 2021 டிசம்பரில் வாங்கியவர்களின் கைக்கு வந்தபோது, அறிவிக்கப்பட்ட வசதிகள் சில அவற்றில் இல்லை. வழிகாட்டும் வரைபடம், குரூஸ் கன்ட்ரோல் போன்றவை 2022 ஜூனில் வந்த அப்டேட்டில்தான் கிடைத்தன. முழுப் பணம் கொடுத்தவர் பாதி வண்டியோடு காத்திருக்கும் பழக்கத்துக்கும் ஓடிஏ இப்படி வாசல் திறந்தது.

இதற்கிடையே தொழிற்பகுதி தன்னை மாற்றிக்கொண்டிருந்தது. 2023 மே மாதம் தமிழக அரசுடன் ஹூண்டாய் செய்த 20,000 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 1,78,000 பேட்டரித் தொகுப்புகளைப் பூட்டும் பிரிவும் இடம்பெற்றது. 2025 ஜனவரியில் கிரெட்டா எலக்ட்ரிக் அறிமுகமானது. ஒரகடம் சாலையின் தென்முனையைத் தாண்டி மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் மகேந்திரா ஆய்வு மையமும் ரெனோ–நிசான் தொழில்நுட்ப மையமும் கார்களுக்கான வடிவமைப்பு, பொறியியல் பணிகளைச் செய்கின்றன. உதிரிபாகங்களும் பூட்டும் வேலையுமாக அறியப்பட்ட வட்டாரத்தின் பக்கத்திலேயே நிரல் எழுதும் வேலையும் வளர்ந்தது.

சட்டம் பின்தங்கியே வந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆர்156 விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்டேட் எதற்காக, எந்தச் செயல்பாடு மாறுகிறது, எவ்வளவு நேரம் ஆகும், அதுவரை எது இயங்காது என்பதைக் காரை வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அது. அப்டேட் தோல்வியடைந்தால் கார் பழைய நிரலுக்குத் திரும்ப வேண்டும், இல்லையெனில் பாதுகாப்பான நிலைக்குப் போக வேண்டும். சொல்லாமல் பேட்டரி நிரலைத் தொடுவது வாங்கியவருக்குச் செய்யும் அநியாயம் என்பதால், இவ்விதியில் இந்தப் பகுதியே முக்கியமானது. இதைத் தழுவி இந்தியாவில் ஏஐஎஸ்-190 என்ற தரநிலை வரைவு செய்யப்பட்டது. வாகனங்களுக்குச் சான்றளிக்கும் அதிகாரம் பெற்ற உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்திலேயே இயங்குகிறது.