பாலைவனப் பனோரமா
ஒரே சட்டகத்தில் அடங்காத மணல்வெளியைப் பல படங்களாக எடுத்து, கணினியில் ஒட்டி ஒற்றை அகலப்படமாக்கும் முறை. நமீபியாவின் டெட்ஃப்ளே இதற்குப் பேர்போன களம்: வெள்ளைக் களிமண் தரை, பல நூறு ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன கருமரங்கள், பின்னால் செம்மணற் குன்றுகள்.

முக்காலியில் கேமராவை நெட்டுவாக்கில் பொருத்தி, அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுப்பர். ஒளியளவு, குவியம், வெண்சமநிலை மூன்றையும் கைமுறையில் நிறுத்திவிட வேண்டும். தானியங்கியில் விட்டால் வானம் பட்டைபட்டையாகத் தெரியும். போலரைசர் வடிகட்டியும் வேண்டாம். அகன்ற வானில் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகிவிடும். உண்மையான சோதனை, காலடியில் கிடக்கும் மணல் வரிகள். லென்ஸின் சரியான அச்சில் கேமரா சுழலாவிட்டால், ஒட்டும் இடத்தில் அந்த வரிகள் முறிந்து நிற்கும்.

ஹகின், லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் ஒட்டித் தரும். வில்லாக வளைந்த தொடுவானத்தை நிமிர்த்துவது அடுத்த வேலை. சிவப்பைக் கூட்டும் ஆசை யாருக்கும் வரும். களிமண்ணின் வெள்ளையில் ரோஜா நிறம் ஏறினால் அளவு மீறிவிட்டது.

விடிந்த சற்று நேரத்தில் குன்றில் வெயில் ஏறியிருக்கும், தரை நிழலில் கிடக்கும். படம் எடுக்க ஏற்ற பொழுது அதுவே.