செருப்பும் பாஸ்வேர்டும்



1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாட்டின் சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. நம் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வர வெகுகாலம் ஆனது. முதல் விதி நினைவிருக்கிறதா? செருப்பை வாசலில் கழற்றணும். பிளாப்பியில் தூசி படிந்தால் எழுதியது திரும்ப வராதென்று பயம். அன்றைய விதிகளெல்லாம் இயந்திரத்தைக் காக்கத்தான். பிள்ளையைக் காக்க ஒன்றும் இல்லை.

பிறகு ஈமெயில் வந்தது. ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்து படித்த ஒரு பையன், மறந்துவிடுமென்று பாஸ்வேர்டை நோட்டு அட்டையில் எழுதி வைத்திருந்தான். வேறொருவன் அதைப் பார்த்து, இவன் பெயரில் அசிங்கமாக ஒரு மெயில் அனுப்பிவிட்டான். விசாரிக்காமல் இவனை அடித்தேன். பாஸ்வேர்டை மறைத்து வை என்று நான் ஒருநாளும் சொல்லித்தரவில்லை.

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. கம்ப்யூட்டர் வீட்டுக்கே போனது. வாசல் விதி வாசலோடு நின்றது. 18 வயதுக்குட்பட்டோர் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆக, இன்று காவல் உங்கள் கையில்தான்.

பிள்ளையிடம் போனைக் கொடுக்கும் முன் பாஸ்வேர்டைப் பற்றிப் பேசுங்கள். தப்பு நடந்தால் முதலில் விசாரியுங்கள்.

தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.