மீட்கச் சென்றவர்களின் வீரம்



சென்ற வாரம் வகுப்பில் "வீரம்" என்னும் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். ஏறத்தாழ எல்லா வாக்கியங்களிலும் வாளோ துப்பாக்கியோ இருந்தது. ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "ஆசிரியரே, போரில் யாரையும் கொல்லாதவரை வீரர் என்று சொல்லலாமா?" என்று கேட்டான். அன்று அவனுக்குச் சுருக்கமாகக் கூறிய விடையை இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

அவ்விடைக்கான சான்று நம் சிங்கப்பூரிலேயே உள்ளது. மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நிலவியது. கம்யூனிஸ்டு கொரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளுக்கும் இடையே காடுகளில் போர் நடந்தது. நடுக்காட்டில் ஒருவர் குண்டடிபட்டால், தோழர்கள் அவரைத் தூக்குப்படுக்கையில் சுமந்தே வெளிக்கொணர வேண்டும். ஆற்றையும் சதுப்பையும் கடந்து வர நாள்கணக்கில் ஆகும். அதுவரை உயிர் தங்குமா என்பது ஐயமே.

இந்நிலையை மாற்ற, 1950இல் பிரிட்டிஷ் ஆகாயப் படை சிலேத்தார் தளத்தில் காயமுற்றோரை மீட்கும் ஹெலிகாப்டர் அணி ஒன்றைத் தொடங்கியது. முதலில் இருந்தவை மூன்றே ஹெலிகாப்டர்கள். "டிராகன்ஃபிளை", அதாவது தும்பி, என்பது அவற்றின் பெயர். விமானியோடு சேர்த்து நால்வருக்கு மேல் அவற்றில் இடமில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தென் ஜொகூரிலிருந்த காவல் நிலையம் ஒன்றிலிருந்து காயமுற்ற காவலர் ஒருவரை அவ்வணி மீட்டது. அதுவே அதன் முதல் மீட்புப் பணி.

அப்பணியின் அபாயத்தை நாம் உணர வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் அடர்த்தி குறைவு. ஆகவே, சுழலும் விசிறிகளுக்குத் தூக்கும் ஆற்றலும் குறைந்துவிடும். காட்டு மரங்களோ 60 மீட்டரை எட்டுபவை. வீரர்கள் அவற்றை வெட்டி அமைத்த குறுகிய வெளிக்குள், கிணற்றில் வாளி இறங்குவதுபோல் நேர்கீழாக இறங்க வேண்டும். போதிய உயரமும் வேகமும் இருந்தால், இயந்திரம் நின்றபின்னும் ஹெலிகாப்டரைத் தரையிறக்க முடியும். மரங்களுக்கு இடையே அந்த வாய்ப்பும் இல்லை. இத்தகைய நிலையிலும் மூன்றாண்டுகளுக்குள் 200க்கும் மேற்பட்டோரை அவ்வணி காட்டிலிருந்து மீட்டது. 1953இல் அது 194ஆம் படைப்பிரிவுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையின் 848ஆம் ஹெலிகாப்டர் பிரிவும் செம்பவாங்கில் வந்து இறங்கியது.

அப்போரின் நியாயத்தைப் பற்றிப் பலவாறு பேசலாம். ஆயினும் அடிபட்டவனைத் தேடி இறங்கியவனின் துணிவைப் பற்றி இருவேறு கருத்துக்கு இடமில்லை.

அதே துணிவை அமைதிக்காலத்திலும் நம் நாடு கண்டது. 1983 ஜனவரி 29 அன்று எனிவெடோக் என்னும் துளைக்கப்பல் செந்தோசா கேபிள் கார் கம்பியில் மோதியது. இரு பெட்டிகள் கடலில் விழுந்தன. எழுவர் மாண்டனர். மேலும் நான்கு பெட்டிகளில் 13 பேர் அந்தரத்தில் சிக்கினர். விசிறிக் காற்றின் வேகத்தில் பெட்டிகள் ஆடின. மிக அருகே சென்றால் அவையும் விழக்கூடும். விமானிகள் காவ் யிட் சீ, ஜெஃப்ரி லெட்ஜர் ஆகியோர் இருளில் ஹெலிகாப்டர்களை அசையாது நிறுத்தினர். பூவா கிம் ஹாய், நம் தமிழர் செல்வநாதன் செல்வராஜூ ஆகிய வீரர்கள் கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகளை அடைந்தனர். விடியுமுன் 13 பேரும் மீட்கப்பட்டனர்.

அன்பு அறத்திற்கு மட்டுமன்று, வீரத்திற்கும் துணை என்பது வள்ளுவர் கருத்து. என் மாணவனுக்கு நான் கூறிய விடையும் அதுவே.

தேசிய தினக் காலத்தில் கொடியைத் தாங்கிய ஹெலிகாப்டர் நகரின்மேல் பறக்கும். சிராங்கூன் சாலையில் நின்று நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும்போது, இவர்களைப் பற்றியும் இரண்டு சொல் கூறுவோம்.