மூடின ஹெட்ஃபோன் பைக்குள்ள வந்த கதை

கேமுக்கும் பாட்டு பிளேயருக்கும் ஒரே ஹெட்ஃபோன் போதுமான்னு கேட்டிருந்தீங்க. கொஞ்சம் பின்னாடி போவோம். 1968-ல் வந்த சென்ஹைசர் எச்டி 414 பின்பக்கம் திறந்த ரகம். இம்பீடன்ஸ் 2000 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஓகே, சின்ன பேட்டரிக்குத் தாங்காது. 1979-ல் சோனி வாக்மேனோட வந்ததும் திறந்த ரகம்தான், ரொம்ப லேசானது. ஆனா ரயில்ல நம்ம பாட்டு பக்கத்து சீட்டுக்குக் கேட்கும், ரயில் சத்தம் நமக்குக் கேட்கும். வால்யூமைக் கூட்டுவோம். காது கெடுறது அங்கதான்! 1985-ல் சோனி எம்டிஆர்-வி6: மூடின கப், 63 ஓம், மடிச்சுப் பையில வைக்கலாம். ஸ்டுடியோ வேலைக்கான ரகம், ஆனா சின்ன பிளேயரும் அதை நல்லா ஓட்டும். கேம்ல காலடிச் சத்தம் திறந்த ரகத்துல விரிஞ்சு கேட்கும், உண்மைதான். ஆனா என் மைக்குக்குள்ள துப்பாக்கிச் சத்தம் போகக் கூடாதே. நான் மூடினதையே எடுப்பேன்.